வீட்டுக்குள் வந்த வேதம்: தென் தமிழகக் கிறித்தவக் குடும்பங்களும் அன்றாட விசுவாசமும்

1. கேள்வி

மெஞ்ஞானபுரத்துப் பரிசுத்த பவுல் ஆலயக் கோபுரத்தின் உயரம் 192 அடி. செந்நிறத் தேரி மணலும் பனையுமாகக் கிடக்கும் அந்த வட்டாரத்தில் வெகு தொலைவிலேயே அது கண்ணில் படும். இடையன்குடியில் ராபர்ட் கால்டுவெல் எழுப்பிய ஆலயம் 1880இல் பிரதிஷ்டையாயிற்று. திருநெல்வேலிக் கிறித்தவத்தின் வரலாற்றை எழுத வந்தவர்களில் பலர் இந்தக் கோபுரங்களிலிருந்தே தொடங்கினார்கள். யார் கட்டியது, எந்த ஆண்டு, எந்தச் சங்கத்துப் பணம் என்று அந்த வரலாறு நடந்து போகும். ஆராதனை முடிந்து வீடு திரும்பிய குடும்பம் அதன்பின் என்ன செய்தது என்பது ஓரிரு வரிகளில் அடங்கிவிடும்.

இந்தக் கட்டுரைக்கு அந்த ஓரிரு வரிகள்தான் பொருள். தென் தமிழகத்துக் கிறித்தவ வீடுகளில் விசுவாசம் அன்றாடப் பழக்கமாக மாறியது எப்படி, அதைச் சுமந்தவர்கள் யார், எந்த இடத்தில் அது தயங்கி நின்றது? ஜெபத்திலும் காணிக்கையிலும் அடுப்படிவரை போன விசுவாசம், கலியாணத்திலும் சொத்திலும் திண்ணையைத் தாண்டவில்லை என்பதே இங்கே முன்வைக்கப்படும் வாதம். முதலிரண்டையும் சுமந்தவர்களில் பெரும்பகுதி பெண்களும் பிள்ளைகளும். பின்னிரண்டையும் முடிவு செய்தவர்கள் ஆண்கள்.

2. இதுவரை சொல்லப்பட்டவை

மிஷனரிகளின் அறிக்கைகளும் அவற்றை ஒட்டி எழுதப்பட்ட நூற்றாண்டு மலர்களும் ஒரு சித்திரத்தைத் தருகின்றன. இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்த குடும்பம், ஒழுங்கான வீடு, சுத்தமான பிள்ளைகள், காலை மாலை ஜெபம். இங்கிலாந்தில் பணம் கொடுத்த ஆதரவாளர்களுக்காக எழுதப்பட்டவை அவை என்பதை மறந்து படித்தால், எல்லா வீடும் ஒரே அச்சில் வார்த்தது போலத் தோன்றும்.

இதற்கு மறுப்பாக வந்தது சமூக வரலாற்றுப் பார்வை. ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் நாடார்களைப் பற்றி எழுதிய நூலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். கூட்டம் கூட்டமாக மதம் மாறியதன் பின்னே ஒடுக்குமுறையிலிருந்து பாதுகாப்பு, கல்வி, சாதி முன்னேற்றம் ஆகிய காரணங்கள் இருந்ததை இவ்வகை ஆய்வுகள் காட்டின. வலுவான வாதம்தான். ஆனால் மாறிய முதல் தலைமுறைக்குப் பொருந்தும் காரணம், ஐந்தாம் தலைமுறைப் பாட்டி விடியற்காலையில் ஏன் முழங்காலில் நிற்கிறாள் என்பதை விளக்காது.

மூன்றாவது பார்வை பிந்தியது. டென்னிஸ் ஹட்சன் தமிழ்ச் சீர்திருத்தக் கிறித்தவத்தின் தொடக்கக் காலத்தைத் தமிழர்களின் எழுத்துகளின் வழியாகவே படித்தார். எலிசா கென்ட் 2004இல் வெளிவந்த தம் நூலில் பெண், திருமணம், உடை, இல்லறம் ஆகியவற்றை மதமாற்றத்தின் மையத்தில் வைத்தார். டேவிட் மோஸ் இராமநாதபுரத்துக் கத்தோலிக்கக் கிராமம் ஒன்றில் நெடுங்காலம் ஆய்வு செய்து, சாதியும் கோயில் மரியாதையும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்று 2012இல் எழுதினார். தமிழில் ஆ. சிவசுப்பிரமணியனின் 'கிறித்தவமும் சாதியும்' இந்த வரிசையில் தவிர்க்க முடியாதது. வீட்டின் கதவைத் தட்டியவர்கள் இவர்கள். இவர்கள் தந்த சான்றுகளோடு சட்டப் பதிவுகளையும் சேர்த்துப் படித்தால் சித்திரம் இன்னும் தெளிவாகிறது.

3. மணியும் பிள்ளைகளும்

முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530களின் நடுவில் திருமுழுக்குப் பெற்றார்கள். போர்த்துக்கீசியப் பாதுகாப்பு அதற்கு முதன்மையான காரணம். அவர்களுக்கு ஜெபம் சொல்லித்தர ஆளில்லை. 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் தாம் செய்ததை விவரிக்கிறார். ஜெபங்களைத் தமிழாக்கச் செய்து மனப்பாடம் செய்துகொண்டார். கையில் மணியுடன் ஊரைச் சுற்றி, பிள்ளைகளையும் பெரியவர்களையும் நாளுக்கு இருமுறை கூட்டினார். கற்றதை வீட்டில் தாய் தகப்பனுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுக்கும்படி பிள்ளைகளிடம் ஒப்படைத்தார்.

தகப்பன் பிள்ளைக்குக் கற்பிப்பதே வழக்கம் என்றிருந்த ஊரில் இது தலைகீழ் ஏற்பாடு. நோயாளிகளின் வீட்டுக்கு ஜெபிக்கப் போனதும் பிள்ளைகளே. அதே கடிதத்தில் மனத்தை நெருடும் செய்தியும் உண்டு. பெற்றோர் பழைய வழிபாட்டுக்குத் திரும்பினால் பிள்ளைகளே வந்து சொல்லிவிடுவார்களாம். சவேரியார் அவர்களைத் திரட்டிப் போய்ச் சிலைகளை உடைப்பாராம். வீட்டுக்குள் விசுவாசத்தைக் கொண்டுபோன அதே பிள்ளை வீட்டை வேவு பார்க்கவும் பழகியது. புனிதர் வரலாறுகளில் முதல் பாதி மட்டுமே விரிவாக வருகிறது.

இதற்குப்பின் அச்சு வந்தது. 1578இல் கொல்லத்தில் அன்றிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. இரண்டே ஆண்டில், பாவசங்கீர்த்தனத்துக்குத் தயாராகிறவர்களுக்கான கையேட்டை அவர் அச்சிட்டார். ஜெபநூலுக்கு அடுத்து மனச்சான்றைச் சோதிக்கும் நூல் என்ற இந்த வரிசை கவனத்துக்குரியது. கோயிலில் சொல்வதோடு நிற்காமல் வீட்டிலும் கடற்கரையிலும் நடந்துகொள்ளும் விதமும் விசாரணைக்கு உட்பட்டது என்பது அதன் பொருள்.

சீர்திருத்தச் சபையினர் வேறொரு வழியில் அதே இடத்துக்கு வந்தார்கள். மார்ட்டின் லூத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தின் ஒவ்வொரு பகுதியின் தலைப்பும், குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்கு இதைக் கற்பிக்க வேண்டும் என்கிறது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு அதைத் தமிழாக்கினார். ஏட்டின்படி வீட்டுக் குரு தகப்பன்தான்.

நடைமுறை வேறு. நாசரேத், முதலூர், சாயர்புரம் வட்டாரங்களில் இரவு எட்டு, எட்டரை மணிக்குத் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பாய் விரிக்கும் வீடுகள் இன்றும் உண்டு. யாராவது ஒருவர் கீர்த்தனையைத் தம் குரலுக்கு எட்டாத சுருதியில் தொடங்கிவிடுவார், மற்றவர்கள் சமாளிப்பார்கள். வேதப்புத்தகத்தை ஆளுக்கொரு வசனமாக வாசிப்பார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் சின்னப் பிள்ளையின் முறை 'நேபுகாத்நேச்சார்' வரும் வசனத்தில் வந்துவிட்டால் எல்லோரும் பொறுமையாகக் காத்திருக்க வேண்டியதுதான். அதன்பின் ஜெபம். ஆஸ்பத்திரியில் இருக்கும் சித்தப்பா, பரீட்சை எழுதும் பேத்தி, துபாயில் இருக்கும் மகன், விலைக்கு வராத நிலம் எல்லாம் அதில் வரும். பரமண்டல ஜெபத்தோடு முடியும்போது பிள்ளைகள் பெரியவர்களுக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுச் சாப்பாட்டுக்கு ஓடுவார்கள். இதை நடத்துபவர் பல வீடுகளில் பாட்டி அல்லது அம்மா. தகப்பன் வீட்டிலிருந்தால் ஒரு ஜெபம் ஏறெடுப்பார். அவர் இல்லாவிட்டாலும் ஜெபம் நிற்காது.

பெண்களிடம் இந்தப் பொறுப்பு வந்ததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. மிஷனரிகளின் மனைவிமார் நடத்திய விடுதிப் பள்ளிகள், உபதேசியாருக்கும் ஆசிரியருக்கும் ஏற்ற மனைவியரை உருவாக்குவதைத் தங்கள் நோக்கங்களில் ஒன்றாகவே கொண்டிருந்தன. எழுத்தறிந்த தாய் வீட்டில் இருந்தாள். வீடு வீடாகப் போய் வேதம் வாசித்துக் காட்டிய 'பைபிள் உமன்' என்னும் சம்பளப் பணியாளர்கள் வெளியே இருந்தார்கள். இந்தப் பள்ளிகளில் பேர்பெற்ற ஒன்று, இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராத சாராள் தக்கரின் பெயரில் பாளையங்கோட்டையில் நடக்கிறது என்பது தனிக்கதை.

ஆனால் சபை சொன்ன 'கிறித்தவக் குடும்பம்' எல்லோருக்கும் திறந்த வீடாக இருக்கவில்லை. திருநெல்வேலிச் சீர்திருத்தக் கிறித்தவ வரலாறு குளோரிந்தா என்ற பிராமண விதவையிடமிருந்து தொடங்குகிறது. அவர் ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு மணமின்றி வாழ்ந்தவர். கிறித்தவத்தை அவரிடமே கற்றார். அந்த உறவைக் காரணம் காட்டி மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் முதலில் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அதிகாரி இறந்த பிறகு 1778இல்தான் கொடுத்தார். 1780இல் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் நாற்பது பேர் இருந்தார்கள். 1785இல் அங்கே எழுந்த ஆலயம் குளோரிந்தாவின் முயற்சி. பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றே ஊர் அதை அழைத்தது. சபையின் குடும்ப இலக்கணத்துக்கு வெளியே நின்ற ஒரு பெண் சபைக்கே வீடு கட்டிக்கொடுத்தார்.

4. பிடி அரிசி

உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு சட்டியிலோ டப்பாவிலோ போடுவது பழைய வழக்கம். வாரக் கடைசியில் சேர்ந்ததைக் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். கையில் காசில்லாத பெண்ணும் தன் அதிகாரத்துக்கு உட்பட்ட ஒரே பொருளிலிருந்து கொடுக்க முடிந்த காணிக்கை இது. கணவனைக் கேட்க வேண்டியதில்லை. சோற்றில் ஒரு பிடி குறைந்தால் அது பெரும்பாலும் அவள் பங்கில்தான் குறைந்திருக்கும்.

இது தமிழகத்துக்கு மட்டும் உரிய வழக்கமன்று. கேரளத்தில் சாவறை குரியாக்கோஸ் எலியாஸ் அடிகள் 'பிடியரி' என்ற பெயரில் இதை ஊக்குவித்தார். மிசோரம் சபைகளில் 1910 முதல் இது முறையான அமைப்பாகவே நடக்கிறது. சாவறை அடிகள் 1868இல் தம் சொந்த ஊரான கைனகரி மக்களுக்கு ஒரு நல்ல தகப்பனின் அறிவுரை என்ற முறையில் நீண்ட கடிதம் எழுதினார். கடன் வாங்காதிருத்தல், நல்ல புத்தகங்களை வீட்டில் வைத்தல், அந்தி மணிக்கு ஜெபத்துக்குக் கூடுதல் என்று இல்லறத்தின் அன்றாடக் கூறுகளே அதில் பேசப்படுகின்றன. விசுவாசத்தைத் தத்துவமாக அன்றி வீட்டுக் கணக்காக எழுதிய தென்னிந்திய ஆவணங்களில் அதற்குத் தனி இடம் உண்டு.

காணிக்கைக்குப் பின்னாலிருந்த உழைப்பையும் பார்க்க வேண்டும். நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1820களில் பெண் பிள்ளைகளுக்குப் பின்னல் லேஸ் கற்பித்தார். அவர் மகளும் கால்டுவெல்லின் மனைவியுமான எலைசா அதை இடையன்குடிக்குக் கொண்டுவந்தார். மிஷன் அறிக்கைகள் இதை ஒழுக்கப் பயிற்சியாக வருணித்தன. பெண்களுக்கு அது கைக்காசு. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855இல்தான் சட்டப்படி ஒழிந்தது என்பதையும், தோள்சீலைக்கான போராட்டம் 1859இன் அரசு அறிவிப்புவரை நீண்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஊசியும் நூலும் ரவிக்கையும் அந்தப் பெண்களுக்கு எவ்வளவு கனத்த பொருள்கள் என்பது விளங்கும். மேலாடை அணிந்து சந்தைக்குப் போவதே அங்கு விசுவாச அறிக்கையாயிற்று; அதற்காக அடிபட்டவர்கள் பெண்கள்.

அறுப்பின் பண்டிகையில் நடக்கும் ஏலத்தையும் குறிப்பிட வேண்டும். முதற்பலனாக வந்த பூசணி, வாழைத்தார், கோழி, முட்டை எல்லாம் கோயில் வாசலில் ஏலத்துக்கு வரும். ஒரு தேங்காய் கடை விலையைப்போலப் பலமடங்குக்குப் போகும். எடுத்தவர் அதைத் திரும்பக் கொடுக்க, மறுபடியும் ஏலம். இதில் பக்தியும் உண்டு, ஊர் முன்னால் கைநிறையக் கொடுக்கும் வீம்பும் உண்டு. இரண்டையும் பிரிக்க முயல்வது வீண் வேலை. இடம் மட்டும் மாறிவிட்டது: அடுப்படியில் சத்தமில்லாமல் விழுந்த பிடி அரிசி பெண்ணுடையது, கோயில் வாசலில் குரலெடுத்துக் கேட்ட ஏலத்தொகை ஆணுடையது. சபைக் கணக்குப் புத்தகத்தில் பெயரோடு ஏறுவது இரண்டாவதுதான்.

5. பந்தியும் சம்பந்தமும்

ஜெபமும் காணிக்கையும் கடந்து போன வாசலில் சாதி நின்றுகொண்டிருந்தது.

மிஷனரி ரேனியஸ் ஐயர் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து, மாணவர் விடுதியில் ஒரே சமையல், ஒரே பந்தி என்று வற்புறுத்தினார். எதிர்ப்பு பிள்ளைகளிடமிருந்து மட்டும் வரவில்லை, வீடுகளிலிருந்தும் வந்தது. தஞ்சையில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாயிற்று. வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) சுவார்ட்ஸ் ஐயரின் மாணவர். அவருடைய கீர்த்தனைகளைப் பாடாத தமிழ்ச் சபை அரிது. அவரே இளைய மிஷனரிகளின் சாதி எதிர்ப்பை மறுத்து 1829இல் நூல் எழுதினார். உணவும் உறவும் நாட்டு வழக்கம், அவை விசுவாசத்தைத் தொடாதவை என்பதே அவர் தரப்பின் சாரம். 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபையில் சாதி வேறுபாடு உடனே முற்றாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியதும் தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் விலகிப் போனார்கள்.

சாஸ்திரியாரை வெறும் சாதிப் பற்றாளர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. வெளிநாட்டார் தம் பழக்கங்களை வேதமென்று திணிக்கிறார்கள் என்ற அவரது குறையில் நியாயமும் இருந்தது. ஆனால் எது நாட்டு வழக்கம், எது விசுவாசம் என்று கோடு போடும் உரிமையைத் தம் சாதியாரிடமே அவர் வைத்துக்கொண்டார். அந்தக் கோட்டுக்கு மறுபக்கம் உட்கார வைக்கப்பட்டவர்களைக் கேட்டிருந்தால் கோடு வேறிடத்தில் விழுந்திருக்கும். இது இக்கட்டுரையின் முடிபு. இன்று அதே கீர்த்தனைகளைத் தலித் கிறித்தவ வீடுகளும் பாடுகின்றன என்பது வரலாறு.

கத்தோலிக்கர் பக்கம் நிலைமை மேலாக இல்லை. வடக்கன்குளம் ஆலயத்துக்குள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. 1745இல் நீலகண்டன் பிள்ளை திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனதும் அதே ஊரில். அவர் மனைவி பார்கவி அம்மாளும் உறவினரின் பகைக்கு அஞ்சி ஊரைவிட்டு அங்கு வந்து ஞானப்பூ ஆனார். தேவசகாயம் 1752இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். துறவியல்லாத ஓர் இந்தியக் குடும்பஸ்தர் பீடமேறியது அதுவே முதல்முறை. அறிவிப்புக்கு முன் அவர் பெயரிலிருந்து 'பிள்ளை' நீக்கப்பட்டது. அதற்கே 2020ஆம் ஆண்டுவரை ஆயிற்று.

உணவில் தடை ஓரளவு உடைந்தது. சபைப் பண்டிகைகளின் அசன விருந்து இதற்குச் சான்று: முந்தின இரவு காய் நறுக்க ஊரே கூடும், அண்டா அண்டாவாகச் சோறு வடியும், வந்தவர் யாரானாலும் இலை உண்டு. சம்பந்தத்தில் உடையவில்லை. ஆலயத்தில் மூன்று ஞாயிறுகள் திருமண ஓலை வாசித்து, தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கும்படி கேட்கிறார்கள். அதற்கு வெகுமுன்பே சாதி பார்த்து முடிவாகியிருக்கும். மாமன் மகளை மணக்கக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் தடை சொன்னது. விலக்குப் பெற்று அந்தக் கலியாணங்கள் நடந்தன. உறவு முறைக்காக வளைந்த சட்டம் சாதிக்கு எதிராக நிமிர்ந்து நிற்கவில்லை. தாலியில் சிலுவையும் புறாவும் திறந்த வேதப்புத்தகமும் ஏறின. ஞாயிற்றுக்கிழமை மணமகள் தேவை விளம்பரங்களில் 'சி.எஸ்.ஐ. நாடார்', 'ஆர்.சி. வேளாளர்' என்று சபையும் சாதியும் ஒரே மூச்சில் வருகின்றன. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறித்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதிக்குரிய உரிமை கிடையாது. கிறித்தவத்தில் சாதி இல்லை என்று நம்புகிற இடம் அரசாங்கக் கோப்பு ஒன்றுதான் போலும்.

6. கால் பங்கு

சொத்தில் கதை இன்னும் வெளிப்படையானது, ஏனெனில் அது எழுத்தில் இருந்தது.

1916இன் திருவிதாங்கூர் கிறித்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சொத்தில் மகளுக்கு மகன் பங்கில் நாலில் ஒன்று, அல்லது 5000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. சீதனம் கொடுத்திருந்தாலோ கொடுப்பதாக வாக்களித்திருந்தாலோ அதுவும் இல்லை. விதவைக்கு நிலத்தில் ஆயுள்கால அனுபோகம் மட்டும். மறுமணம் செய்தால் அதுவும் போகும். 1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரி தமிழகத்தோடு இணைந்த பிறகும் அங்குள்ள கிறித்தவர்களுக்கு இந்தச் சட்டம் ஒட்டிக்கொண்டே வந்தது. 1978இல் சென்னை உயர்நீதிமன்றமும் அது செல்லும் என்றே தீர்ப்பளித்தது. ஆரல்வாய்மொழிக்குக் கிழக்கே பிறந்த கிறித்தவப் பெண்ணுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி அண்ணன் தம்பிக்குச் சமமான பங்கு. மேற்கே பிறந்தவளுக்குக் கால் பங்கு. இருவரும் ஓதியது ஒரே வேதப்புத்தகம்.

கேரளத்தைச் சேர்ந்த மேரி ராய் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1986 பிப்ரவரி 24இல் அந்தச் சட்டம் 1951 ஏப்ரல் 1 முதலே செல்லாது என்றது. குடும்பத்தின் ஒற்றுமை குலையும் என்று கேரளத்தில் எழுந்த எதிர்ப்பில் சபைத் தலைவர்களின் குரலும் கலந்திருந்தது. மணமுறிவிலும் இதே தாமதம்தான். 1869ஆம் ஆண்டுச் சட்டப்படி கணவன் மனைவியின் ஒழுக்கப் பிழை ஒன்றைக் காட்டினால் போதும். மனைவியோ அதோடு கொடுமை, கைவிடல் போன்ற இன்னொரு குற்றத்தையும் நிரூபிக்க வேண்டும். 2001இல்தான் இது திருத்தப்பட்டது.

இதற்கு எதிராக ஒரு வாதம் வரக்கூடும்: சீதனமே மகளின் பங்கு, எனவே அநீதி இல்லை. ஆனால் சீதனம் மணமகனின் குடும்பத்தின் கைக்குப் போனது. அவள் பெயரில் நிலமாக நின்றதில்லை. இரவு ஜெபத்தை நடத்தியவளுக்கு ஜெபம் நடந்த வீட்டில் ஆயுள்கால அனுபோகம் மட்டுமே இருந்தது என்பதைச் சட்டப் புத்தகமே சொல்கிறது.

7. எஞ்சும் வேலை

இங்கே திரட்டிய சான்றுகள் ஒரு பக்கம் சாய்ந்தவை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கடிதம், சுற்றறிக்கை, சட்டம் எல்லாம் ஆண்கள் எழுதியவை. மீனவ ஊர்களின் ஜெபமாலைக் கூட்டங்கள், கத்தோலிக்கப் பங்குகளின் அன்பியங்கள், புதிய பெந்தெகொஸ்தே சபைகளின் உபவாசக் குழுக்கள் ஆகியவற்றில் பெண்கள் என்ன பேசுகிறார்கள், என்ன முடிவெடுக்கிறார்கள் என்பதற்குக் களப்பணி தேவை.

அதைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு. 1986க்குப் பிறகு கன்னியாகுமரி மாவட்டத்தில் கிறித்தவ மகள்களுக்குச் சம பங்கு சட்டப்படி உறுதியானது. அதன்பின் எத்தனை பாகப்பத்திரங்களில் அவர்கள் பெயர் ஏறியது, எத்தனை பேர் அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள் என்பதைச் சார்பதிவாளர் அலுவலகப் பதிவுகளிலிருந்து எடுக்கலாம். சபை மலர்களையும் போதகர் அறிக்கைகளையும் புரட்டுவதற்கு முன், ஆய்வு மாணவர்கள் அந்த அலுவலகங்களுக்குப் போக வேண்டும்.